மட்டை உரிக்காத பத்துத் தேங்காய்

வாருங்கள் தம்பி, நிழலுக்கு வாருங்கள். மாடுகளை அந்தப் புளியமரத்தடியில் கட்டுங்கள், தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. பொதியை இறக்கிவிடுங்கள். இந்த வெயிலில் உப்பைச் சுமந்துகொண்டு மாடு நிற்பது பாவம். இறக்கியாயிற்றா? கையை ஏந்துங்கள். மெதுவாகக் குடியுங்கள், தண்ணீர் எங்கேயும் ஓடிப்போகாது. இந்தத் தண்ணீர்ப்பந்தலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதல் வாயில் புரையேறித்தான் குடிக்கிறார்கள்.

என்ன அது? எனக்கா? கயிறா? யார் கொடுத்தது?

தாழங்கரையிலிருந்தா.

கொடுத்தவர் பெயர் சொல்லவில்லையா? "உப்புச்சாலைப் பந்தலில் ஒரு கிழவன் இருப்பான், கிணற்றுக்கு ஆகும், கொடுத்துவிடு." அவ்வளவுதானா? வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லையா? ஒரு வார்த்தைகூட இல்லையா? சரி. அந்தக் கல்மேல் வையுங்கள். என் கையில் வேண்டாம். கல்மேல் வையுங்கள் என்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள்மேல் எனக்கு என்ன கோபம். வெயில் இறங்குகிறவரை நீங்கள் எப்படியும் கிளம்பப் போவதில்லை. கேட்டுவிட்டுப் போங்கள். யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் தாழங்கரைக்காரன். எழுவன் என்று பெயர். கேள்விப்பட்டிருப்பீர்களே? இல்லையா? நாலு நாள் அந்த ஊரில் தங்கி உப்பு ஏற்றியிருக்கிறீர்கள், ஒருவர்கூட என் பெயரை எடுக்கவில்லையா? பாருங்கள். அதுதான் ஊர். நாலு வருஷம் அங்கே ஒரு கூரை எரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

செம்பாய்க்காரர்களையாவது தெரியுமா? அதுவும் தெரியாதா? சின்ன வயசு, அப்போது நீங்கள் கடல்பக்கம் வந்திருக்கமாட்டீர்கள். சிவப்புப் பாய் கட்டின மரக்கலங்களில் வருவார்கள். எந்தத் தீவு, எந்தச் சீமை என்று எங்கள் ஊரில் இன்றுவரை ஒருவனுக்கும் தெரியாது. தை கழிந்து கடல் அடங்கினதும் வருவார்கள். முதல் தடவை வந்தபோது நன்றாக விடிந்து, வலை உலர்த்துகிற நேரம். பதினோரு வீடு எரிந்தது. நெல்லை அள்ளினார்கள், ஆடுகளை அள்ளினார்கள், குறுக்கே போன ஆறு பேரை வெட்டிப் போட்டார்கள். ஊரே தாழம்புதருக்குள் ஒளிந்திருந்தது. அப்போது ஒருவன் மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தான். யார்? நான்தான்.

பயமா? இருந்தது. வேட்டி நனைந்துவிட்டது. அதையும் ஊரில் எல்லாரிடமும் சொன்னேன். எனக்கு மறைக்கத் தெரியாது தம்பி. உள்ளே ஒன்று போனால் வெளியே வந்துவிடும். பொய் சொல்லி அறியாத நாக்கு இது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளவயதில் ஒரு வணிகனுடைய கலத்தில் இரண்டு வருஷம் துடுப்பு வலித்திருக்கிறேன், கூடத் துடுப்பு வலித்த அந்நியர்களிடம் பழகி, இந்தச் செம்பாய்க்காரர்கள் பேச்சு கொஞ்சம் எனக்கு வரும். அவர்கள் தலைவனுக்கு ஒரு காதில் மட்டும் கடுக்கன். பெயர் நம் வாயில் நுழையாது, கடுக்கன் என்றே வைத்துக்கொண்டோம். அவனிடம் போய்ச் சொன்னேன்: "எரித்தால் இந்த ஒரு வருஷத்துச் சோறுதான் உனக்குக் கிடைக்கும். எரிக்காமல் விட்டால் வருஷா வருஷம் கிடைக்கும்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்தான். எப்படிச் சிரித்தான் என்கிறீர்கள்! பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் பேச்சு அவனுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அங்கேயே தன் கழுத்தில் இருந்த சிவப்புத் துண்டை எடுத்து என் தோளில் போட்டான். இதோ, இந்தப் பானை வாயில் கட்டியிருக்கிறேனே, தண்ணீர் வடிகட்ட, இதேதான். என்ன சாயம் பார்த்தீர்களா, இன்னும் போகவில்லை.

என்ன பேசி முடித்தேன் தெரியுமா? வருஷத்துக்கு நாற்பது மூட்டை நெல். அதோடு அவர்கள் கலங்களைத் தைத்துக் கொடுப்பது. உங்களுக்குக் கடல் பழக்கமில்லை, அதனால் சொல்கிறேன். மரக்கலத்தின் பலகைகளை ஆணி வைத்து அடிப்பதில்லை. துணி தைப்பது மாதிரி ஓரமாகத் துளை போட்டுத் தேங்காய்நார்க் கயிற்றால் தைப்பார்கள். வருஷம் ஒருமுறை பிரித்துப் புதுக்கயிறு ஓட்டவேண்டும். ஓட்டாவிட்டால் நடுக்கடலில் கலம் பலகை பலகையாக மிதக்கும். தாழங்கரைக்கு வேறு பெருமை கிடையாது, கயிறுதான் பெருமை. பெண்கள் மட்டையைக் கழியின் உப்புச்சேற்றில் பத்து மாதம் புதைத்து, எடுத்து, அடித்து, நாராக்கித் திரிப்பார்கள். ஆண்கள் தைப்பார்கள். அந்தக் கடுக்கனுக்கு நம் நெல் பெரிதில்லை தம்பி, கயிறுதான் பெரிது. அதைக் கண்டுபிடித்துப் பேசினவன் நான்.

ஊர் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா?

முதல் வருஷம் ஐந்து கலம் வந்தது. மறு வருஷம் ஏழு. அதற்கடுத்த வருஷம் ஒன்பது. நாற்பது மூட்டை அறுபதாயிற்று, அறுபது நூறாயிற்று. கலம் கூடினால் ஆள் கூடும், ஆள் கூடினால் சோறு கூடும், இது ஒரு அதிசயமா? ஓடாவி குன்றன்தான் முணுமுணுப்பான். எங்கள் ஊரில் கலம் தைக்கிறவர்களுக்குத் தலைவன் அவன், நோஞ்சான், ஆனால் வாய் மட்டும் நீளம். "எழுவா, நாம கட்டறது கூலியா கப்பமா?" என்பான். "கப்பம்னா குனிஞ்சு கட்டணும். நீ சிரிச்சுக்கிட்டே கட்டறியே, அதுக்குப் பேரு என்ன?" என்பான். அரசன் ஆட்களும்தான் வருஷம் தவறாமல் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வீடு எரிந்த வருஷமும் வந்து வாங்கினார்கள். அவர்களைக் கேட்க வேண்டியதுதானே? கடுக்கனாவது சொன்ன நாளில் வருவான், வந்ததும் என்னை அணைத்துக்கொள்வான்.

இன்னொன்றும் உண்டு. கலம் கிளம்பும்போது ஊரிலிருந்து ஒருவர் பிணையாகக் கூடப் போகவேண்டும். நாலைந்து நாள் தள்ளி ஒரு கரையில் இறக்கிவிடுவார்கள், நடந்து வந்துவிடலாம். தையலில் சூது செய்தால் நம் ஆளும் சேர்ந்து முழுகுவான் என்பதற்காக. யாரை அனுப்புவது என்று நான்தான் சொல்வேன். நியாயமாகத்தான் சொன்னேன். யார் என்னைப்பற்றி அதிகம் பேசுகிறார்களோ அவர்களை. காற்று வாங்கிவிட்டு வரட்டுமே.

அதற்கும் முன்னால் கயிற்றைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். அதுவும் என் வேலை. எங்கள் ஊரில் கயிற்றைக் கண்ணால் பார்ப்பதில்லை, நாக்கில் வைத்துப் பார்ப்பது. உப்புச்சேற்றில் பத்து மாதம் கிடந்த நார் எத்தனை அலசினாலும் கரிக்கும். நல்ல தண்ணீரில் ஊறின நார் பார்க்கப் பொன் மாதிரி மின்னும், நாலு நாள் அலையில் இழுபட்டால் இற்றுப்போகும். அதனால் கடுக்கன் முன்னால், அத்தனை பேர் பார்க்க, கயிற்றின் நுனியை எடுத்து நாக்கில் வைத்து, "நல்ல கயிறு" என்று சொல்லுவேன். அப்புறம்தான் ஊசியைத் தொடுவார்கள். என் நாக்கைத்தான் அவன் நம்பினான். குன்றனை நம்பவில்லை, ஊரை நம்பவில்லை. என் நாக்கை நம்பினான்.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றட்டுமா? ம்.

என் மனைவி பெயர் சேந்தி. இடதுகைக்காரி. அவள் திரிக்கிற கயிற்றின் முறுக்கு மற்றவர்கள் கயிற்றுக்கு எதிராகப் போகும். நூறு சுருளைக் குவித்து வைத்தாலும் அவள் சுருளை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவேன். தாழங்கரையில் அவள் கயிறு அறுந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் விடமாட்டாள். ஒருமுறை ஒரு செம்படவன் சொல்லிவிட்டான். அவன் வீடுவரை நடந்துபோய், அறுந்த நுனியை வாங்கிப் பார்த்து, "இது கத்தி வெட்டினது. யாருகிட்ட கதை சொல்றே?" என்று அவன் முகத்தில் வீசிவிட்டு வந்தாள். அப்படி ஒரு ரோஷம்.

மூன்றாவது வருஷம் கலங்கள் கிளம்பிப் போய் ஆறேழு நாள் இருக்கும். ஆமைத்துறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். சேந்திக்கு அதுதான் பிறந்த ஊர். செம்பாய்க்காரர்கள் அங்கே இறங்கியிருக்கிறார்கள். எங்கள் மணலில் தைத்த கலங்கள்தான், வேறு ஏது? அவளுடைய தம்பியும் தம்பி மனைவியும் போய்விட்டார்கள். வீடு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

எனக்கும் வருத்தம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் தாழங்கரைக்குத்தானே பேசினேன்? ஆமைத்துறைக்கு யார் பேசுவது? அவர்களும் ஒருவனைக் கையைத் தூக்கிக்கொண்டு அனுப்பியிருக்க வேண்டியதுதானே? இதைத்தான் அவளிடமும் சொன்னேன், ஆறுதலாக. அவள் அழவில்லை. என்னை ஏசவில்லை. மட்டை அடிக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதோடு சரி. அன்றிலிருந்து என் வேட்டியைத் துவைப்பாள், இந்தச் சிவப்புத் துண்டைத் துவைக்கமாட்டாள். ஒரு குச்சியால் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவாள். பெண்களுக்குப் பிறந்த வீட்டு விஷயம் அப்படித்தான், நாளாக ஆக ஆறிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சித்திரையில் பெண்கள் மட்டைகளைக் கழிக்குக் கொண்டுபோகாமல் அல்லிக்குளத்துக்குக் கொண்டுபோனார்கள். கழி உப்புத் தண்ணீர், குளம் மழைத் தண்ணீர். "என்ன இது?" என்று கேட்டேன். "கழியில இடம் இல்ல. மட்டை கூடிப்போச்சு. இடம் ஆனதும் மாத்திடுவோம்" என்றாள் சேந்தி. ஒன்பது கலத்துக்குக் கயிறு திரிக்கவேண்டுமே, கூடித்தானே போகும்? நானும் நம்பினேன். நம்பினது மட்டும் இல்லை. மறு மாசியில் கடுக்கன் வந்ததும் நானே பெருமையாகச் சொன்னேன்: "உன் கலங்களுக்காக எங்கள் பெண்கள் குளம் குளமாக மட்டை ஊறப்போட்டிருக்கிறார்கள்." பக்கத்தில் குன்றன் நின்றான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எதற்கு வெளுக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பொறாமை என்று நினைத்தேன். கடுக்கனுக்குக் குளம் என்ன, கழி என்ன? அவன் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பார்த்தான்.

அன்று கயிற்றுச் சுருள்களைக் குவித்து வைத்தார்கள். எத்தனை அழகு தெரியுமா, வெயிலில் பொன்னாகக் கிடந்தது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனேன். ஒரு சுருளை எடுத்தேன். முறுக்கு எதிர்ப்பக்கம். சேந்தியுடையது. இதைவிட நல்ல கயிறு எது இருக்கப்போகிறது? நுனியை நாக்கில் வைத்தேன். கரித்தது. "நல்ல கயிறு" என்று சொன்னேன்.

கரித்தது தம்பி. பொய் சொல்லவில்லை. திரித்த பிறகு மூன்று நாள் உப்புக்கரைசலில் முக்கி எடுத்திருக்கிறார்கள். பிரியை விரித்து உள்நாரை நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். எந்தக் கிழவியும் அப்படித்தான் பார்ப்பாள். எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் ஒன்பது கலத்து ஆட்கள் பார்க்க நின்றுகொண்டு யார் பிரியை விரித்துக்கொண்டிருப்பார்கள்? அதையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எழுவன் மேலாக நக்கிவிட்டு மார்பை நிமிர்த்துவான் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

இருங்கள், துரோகம் இன்னும் முடியவில்லை.

இருபது நாளில் ஒன்பது கலமும் தைத்து முடிந்தது. பிணைக்கு யாரை அனுப்பலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது குன்றன் தானாக முன்னால் வந்தான். "இந்தத் தடவை நான் போறேன்" என்றான். நான் அசந்துபோனேன். மூன்று வருஷம் பிணை என்ற பேச்செடுத்தாலே காறித் துப்பினவன்! தோளில் ஒரு வலை தொங்கியது, அதில் ஆறு தேங்காய். பயணத்துக்கு ஆயத்தமாகவே வந்திருக்கிறான். உடனே எனக்குப் புரிந்துவிட்டது. கடுக்கன் பக்கத்தில் நாலு நாள் உட்கார்ந்து, பல்லைக் காட்டி, என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். இந்தத் துண்டின்மேல் அவனுக்குக் கண். விடுவேனா?

"நீ வேண்டாம். நானே போகிறேன்" என்றேன்.

"எழுவா, உனக்கு முட்டி வலி."

"என் முட்டியைப் பற்றி நீ என்ன பேசுகிறாய்?"

"நான் முடிவு பண்ணிட்டு வந்திருக்கேன்யா. பெண்டாட்டி பிள்ளைகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். என்னை விடு." குரல் உடைந்தது தம்பி. ஒரு பதவிக்காக ஒருவன் இப்படிக் கெஞ்சுவானா என்று எனக்கு அருவருப்பாகிவிட்டது. கடுக்கனிடம் போய், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் முதுகில் தட்டினான்.

வீட்டுக்கு வந்தேன். சேந்தி வாசலில் நின்றாள். குன்றன் எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். "இந்தத் தடவை போக வேணாம்" என்றாள். எத்தனையோ மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்து அவள் பேசின முதல் பேச்சு. "ஏன்?" என்றேன். "காத்து சரியில்ல." வெளியே இலை அசையவில்லை. "சுறாப்புட்டு பண்ணியிருக்கேன், இரு" என்றாள். "வந்து சாப்பிடுகிறேன்" என்றேன். "நாலு நாள் புட்டு இருக்குமா?" என்றாள். கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால், கயிறு முறுக்குகிற கை, எலும்பு நோகிறது. வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண் என் முகத்திலிருந்து இறங்கி இந்தத் துண்டில் போய் நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு வார்த்தை தம்பி. ஒரே ஒரு வார்த்தை. இருபத்தாறு வருஷம் ஒரே சட்டியில் சோறு தின்றவள்.

கலத்தில் ஏறப்போகும்போது மணலில் ஓடிவருகிறாள். கையில் வலை. குன்றன் வைத்திருந்த மாதிரியே வலை, ஆனால் பத்துத் தேங்காய். நெற்று. உலுக்கினால் உள்ளே கலகலவென்கிறது. மட்டைகூட உரிக்கவில்லை! மட்டை உரிப்பதே பிழைப்பாக இருக்கிற பெண், உரிக்காத தேங்காயைப் புருஷனுக்குக் கட்டிக் கொடுத்தனுப்புவாளா? "இது எதற்கு?" என்றேன். "கரையில இறங்கினதும் கோயிலுக்கு உடைங்க." "உரித்துக் கொடுக்கக்கூடாதா?" "நேரமில்ல." குன்றன் ஆறு வைத்திருந்தானாம், நம் வீட்டுக்குக் குறைச்சலா என்று பத்தாகக் கட்டியிருக்கிறாள், அதுவும் அவசரத்தில், என்று நினைத்துக்கொண்டேன். கடுக்கனின் ஆட்கள் பார்த்துவிட்டுக் கேலி செய்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளோ வலையின் கயிற்றை என் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டாள், மாட்டைத் தறியில் கட்டுகிற மாதிரி. "அவுக்காதீங்க. திருடிடுவாங்க" என்றாள். கேட்டீர்களா? கொள்ளைக்காரன் கலத்தில் தேங்காய் திருடுவார்களாம்.

மூன்று நாள் நன்றாகப் போயிற்று. கடுக்கன் தன் கையால் எனக்கு மீன் சுட்டுக் கொடுத்தான். என் ஊரில் எனக்கு யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. வடக்கே ஒரு கரையைக் காட்டி, அடுத்து அங்கே இறங்கப்போவதாகச் சொன்னான். அங்கே பெரிய ஊர் இருக்கிறது, இரண்டு கோயில் இருக்கிறது என்றான். நான் கேட்டுக்கொண்டேன். நான் என்ன சொல்லமுடியும்?

நாலாம் நாள் உச்சிப்பொழுது. பெரிய காற்றுகூட இல்லை. முதலில் ஒரு கலம், எங்களுக்கு இடப்பக்கம், அப்படியே வாயைப் பிளந்தது. அப்புறம் இன்னொன்று. எங்கள் காலடியில் டப், டப் என்று சத்தம். தையல் ஒவ்வொன்றாக விடுகிற சத்தம். குனிந்து பார்க்கிறேன், பொன் மாதிரிக் கயிறு, கையில் பிடித்தால் திரித்திரியாக வருகிறது. எடுத்து நாக்கில் வைத்தேன். உள்நார். மேலே ஒட்டின கடலுப்பு போனதும் சப்பென்று இருந்தது. தண்ணீர் முழங்கால்வரை வந்துவிட்டது, நான் கயிற்றைச் சப்பிக்கொண்டு நிற்கிறேன்.

நிமிர்ந்தேன். கடுக்கன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தவில்லை, கத்தியை எடுக்கவில்லை. தன் நாக்கை வெளியே நீட்டி அதை விரலால் தொட்டுக் காட்டினான். அவ்வளவுதான். அதற்குமேல் அவனைக் காணவில்லை, பாயைக் காணவில்லை, ஒன்றையும் காணவில்லை.

நான் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே செத்தான் தம்பி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்கும் தெரியாது என்று.

நானா? நான் எப்படிப் பிழைத்தேன் என்கிறீர்களா? அதான் இடுப்பில் கட்டியிருந்ததே. பத்து நெற்று. அது என்னை முழுகவிடவில்லை. ஒரு பகல், ஒரு இரவு, மறு பகல். அந்த வலையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கரித்தது. கடல் தண்ணீர் எல்லாம் கரிக்கும், அது வேறு. இது உள்ளிருந்து கரித்தது. பத்து மாதம் கழிச்சேற்றில் கிடந்த நார். பழைய சரக்கிலிருந்து எனக்கென்று தனியாக எடுத்துத் திரித்திருக்கிறாள். முறுக்கு எதிர்ப்பக்கம்.

அப்போதுதான் புரிந்தது. அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள்.

கரையேறி, பதினோரு நாள் நடந்து ஊருக்கு வந்தேன். ஊர் கூடி நின்றது. குன்றன் என்னைப் பார்த்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எதற்கு அழுதானோ. நான் நேரே வீட்டுக்குப் போனேன். சேந்தி கயிறு முறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அதற்கு அவள் என்ன கேட்டாள் தெரியுமா?

"வலை அறுந்துச்சா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். திரும்ப முறுக்கத் தொடங்கிவிட்டாள். பிரி ஒழுங்காக விழவில்லை. அவள் கயிறு கோணி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நான் சாப்பிடவில்லை. உட்காரவில்லை. வெளியே வந்தேன். ஊர்ப் பெரியவர்கள், "துண்டைக் கடலில் எறிந்துவிடு எழுவா, நடந்தது நடந்துபோயிற்று, இரு" என்றார்கள். என்னை ஏமாற்றி, என் நாக்கை ஏமாற்றி, என்னைக் கடலில் போட்டுவிட்டு, துண்டை எறி என்கிறார்கள். நான் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மூன்று நாள் வழி. இந்தக் கிணற்றடியில் முட்டி மடங்கிவிட்டது. உங்களைப் போலக் கூட்டமாகப் பொதிமாடு ஓட்டி வருகிற சாத்துக்காரர்கள் பந்தல் போட்டு, தண்ணீர் ஊற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷமாயிற்று.

இப்போது சொல்லுங்கள். யார் துரோகி?

என்ன கேட்டீர்கள்? முன்னாலேயே என்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றா?

கடுக்கனிடம் சொல்லியிருப்பேன். வேறென்ன? வாக்குக் கொடுத்தவன் நான். "கயிற்றைத் தொடாதே, மாற்றித் தருகிறோம்" என்று சொல்லியிருப்பேன். அவன் ஒன்றும் செய்திருக்கமாட்டான். இரண்டு மூன்று வீடு எரித்திருப்பான். குன்றனைக் கேட்டிருப்பான். பெண்களை...

சும்மா இருங்கள் தம்பி. தண்ணீர் குடித்தோமா, போனோமா என்று இருக்கவேண்டும். கேள்வி கேட்கிறார்.

...

வெயில் இறங்கிவிட்டது. பொதியை ஏற்றுங்கள். இருங்கள், நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். முட்டி ஒன்றும் செய்யாது.

அந்தக் கயிற்றை எடுங்கள். இப்படிக் கொடுங்கள். ம். முறுக்கு எந்தப் பக்கம் போகிறது, பார்த்தீர்களா? உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது. நுனியை இப்படிப் பிரிக்கவேண்டும். மேலாக இல்லை, உள்ளே இருக்கிறதே, அந்த நார். கொஞ்சம் பொறுங்கள்.

கரிக்கிறது.

இந்தக் கிணற்றுக்கு இருபது வருஷம் வரும் இது. பனைநாரைப் போட்டு மாதம் ஒன்றாக அறுத்துக்கொண்டிருந்தேன். எப்படித் தெரிந்தது அவளுக்கு? யாரோ உங்களைப் போன்ற ஒருவர் போய்ச் சொல்லியிருப்பார். உப்புக்காரர்கள் வாயில் ஒன்று நிற்காது.

நீங்கள் திரும்பும்போது நெல் ஏற்றிக்கொண்டு இந்த வழியாகத்தானே வருவீர்கள்? ஒரு மாதமா? தாழங்கரைக்குப் போனதும் கயிறு கொடுத்தவளைப் பாருங்கள். நான் ஒன்று சொல்லியனுப்புகிறேன்.

கயிறு அறுந்துபோயிற்று என்று சொல்லுங்கள்.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அறாது, எனக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்லுங்கள். கட்டின அன்றே அறுந்தது, குடம் கிணற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லுங்கள். குடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியில் சிரித்துவிடாதீர்கள்.

அவள் நம்பமாட்டாள். எழுவன் பொய் சொல்கிறானா என்று முதலில் அசந்துதான் போவாள். அப்புறம் அறுந்த நுனியைக் காட்டச் சொல்லி இங்கேயே வந்து நிற்பாள். மூன்று நாள் வழிதான். வரட்டும். வந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுக்கமாட்டேன் என்றா சொல்கிறேன்?

கிளம்புங்கள் தம்பி, இருட்டுவதற்குள் அடுத்த பந்தலுக்குப் போய்விடலாம். வேறு துணி ஏதாவது கிழிசல் இருந்தால் ஒன்று போட்டுவிட்டுப் போங்கள். பானைக்குக் கட்ட வேண்டும்.